கயிற்றுக்காரனின் சிலுவை

வால்புர்காவுக்குக் கோபம் வந்தால் கையெழுத்து அழகாகிவிடும். கன்னியர் மடத்தில் பதினோரு வருடம் இருந்தவள். அங்கே கோபப்படக் கூடாது. வாய் வழியாக வெளியே போக முடியாத கோபம் விரல் வழியாகப் போகப் பழகிவிட்டது. அந்தச் சனிக்கிழமை அவள் எழுதிய பெயர்ப் பட்டியலைப் பார்த்திருந்தால், அச்சில் வார்த்ததுபோல இருக்கிறதே என்று யாராயிருந்தாலும் மெச்சியிருப்பார்கள்.

சுரங்க ஊரான எர்லபாக்கில் ஞாயிற்றுக்கிழமை திருவிருந்துக்கு வருகிறவர்கள் முதல் நாள் மத்தியானம் போதகர் வீட்டு முன்னறையில் வந்து நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். பழைய காலத்துப் பாவசங்கீர்த்தனம்போலக் காதோடு காதாக அல்ல. கதவு திறந்தே இருக்கும். வாசலில் காத்திருக்கிறவர்களுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்கும். மறைவில் நடப்பது எதுவும் கடைசியில் வியாபாரமாகிவிடும் என்பது போதகர் அம்புரோஸின் கட்சி. கேள்வி கேட்பது அவர். தேறியவர்களின் பெயரை எழுதுவது அவர் மனைவி வால்புர்கா. அவருக்குக் கிட்டப் பார்வை மங்கி நாலு வருடம் ஆகிறது. அந்த வீட்டிலிருந்து போகிற கடிதம், ஞானஸ்நானப் பதிவு, பிரசங்கக் குறிப்பு எல்லாமே அவள் கைதான்.

கேள்விகள் மூன்று. அப்பத்திலும் திராட்சரசத்திலும் நீ பெறுவது என்ன? கிறிஸ்தவனுக்குச் சிலுவை எது? யார்மேலாவது பகை வைத்திருக்கிறாயா? முதலாவதும் மூன்றாவதும் எல்லா ஊரிலும் உண்டு. நடுவில் உள்ளது அம்புரோஸ் சேர்த்தது. அதற்கான பதிலை ஊரில் சின்னப் பிள்ளைகூடத் தூக்கத்தில் சொல்லும்.

"நானாகத் தேடிக்கொள்வது சிலுவை அல்ல. தேவன் அனுப்புவதே சிலுவை. வந்ததை நான் தள்ளமாட்டேன்."

இதில் முதல் வாக்கியம் வால்புர்காவுடையது. மடத்தில் அவள் உடைக்குள்ளே, தோள்பட்டைகளுக்கு நடுவில், கையளவு மரச்சிலுவை ஒன்றைக் கட்டியிருந்தாள். அதில் முப்பது ஆணிகள், முனை உள்பக்கமாக. வெள்ளிக்கிழமைகளில் கயிற்றை இறுக்கிக் கட்டுவாள். ரத்தம் வந்தால் தேவன் பக்கத்தில் வந்துவிட்டதாக நினைப்பாள். பிறகு மாவு மூட்டையில் ஒளிந்து மடத்துக்குள் வந்தது ஒரு சின்னப் பிரசுரம். நீயே அடித்து நீயே மாட்டிக்கொள்ளும் ஆணி யாருக்கும் வேண்டாம் என்று அதில் இருந்தது. எழுதியவர் அம்புரோஸ். அவள் அதை மூன்று தடவை வாசித்தாள். அன்று மாலை அந்த மரத்தை அடுப்பில் போட்டாள். அடுத்த மாதம் மடத்தில் இல்லை.

மூன்றாவது வாக்கியம் அம்புரோஸுடையது. மூன்று வருடத்துக்கு முன், குடியானவர்கள் எழுந்து, பிரபுக்களின் குதிரைப்படையிடம் வெட்டுப்பட்டுச் செத்த பிறகு சேர்த்தது.

வியாழக்கிழமை காலையிலிருந்து ஓட்டிலி அவர்கள் வீட்டு அடுப்படியில் இருந்தாள். கயிறு திரிக்கும் லோரென்ஸின் மனைவி. இடது முன்கை ஒடிந்திருந்தது. வால்புர்கா அடுப்புக்கு வைத்திருந்த சிராய்க் கட்டைகளில் நேரான இரண்டை எடுத்து வைத்துத் துணி சுற்றிக் கட்டினாள். கட்டும்போது முதுகையும் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. முறுக்கிய கயிற்றின் தடம் எப்படி இருக்கும் என்று அதைப் பார்த்தால் தெரியும்.

லோரென்ஸைப் பற்றி ஊரில் யாரும் தப்பாகப் பேச மாட்டார்கள். வெள்ளிச் சுரங்கத்துக்கு வேண்டிய கயிறெல்லாம் அவன் திரித்தது. அவன் கயிறு இதுவரை அறுந்ததில்லை. எண்பது ஆள் ஆழத்தில் தொங்குகிற மனிதனுடைய மனைவி, கயிறு திரிக்கிறவனைப் பகைத்துக்கொள்வாளா?

ஊர்ச் சபையின் தீர்மானம் ஒன்று இருந்தது. திருவிருந்துப் பட்டியலில் பெயர் இல்லாத பெண்டாட்டிக்கு ஊரில் யாரும் இடம் தரக் கூடாது. திங்கள் காலை காவல்காரன் வந்து புருஷன் வீட்டில் கொண்டுபோய் விடுவான். இதற்கு மாற்று ஒன்றே ஒன்று. கோட்டை ஊரில் இருக்கிற விவாக மன்றத்துக்குப் போதகர் கடிதம் எழுதினால், வழக்கு முடிகிறவரை அவளை யாரும் தொட முடியாது. வெள்ளிக்கிழமை முழுக்க வால்புர்கா கேட்டுப் பார்த்தாள். "பட்டியல்ல அவ பேர் வரட்டும், பாக்கலாம்" என்று சொல்லிவிட்டார் அம்புரோஸ்.

சனிக்கிழமை பதினேழாவது ஆளாக லோரென்ஸ் வந்தான். தொப்பியைக் கழற்றிக்கொண்டே நுழைந்தான். சணல் வாசனை அடித்தது.

"வணக்கம் ஐயா. வணக்கம் போதகரம்மா. குளிர் விடுற மாதிரியே தெரியலயே."

"வாப்பா. அப்பத்திலும் ரசத்திலும் நீ பெறுவது என்ன?"

சொன்னான். பிசகில்லை.

"கிறிஸ்தவனுக்குச் சிலுவை எது?"

அதையும் சொன்னான். சொல்லி முடித்துவிட்டு நிறுத்தவில்லை.

"நம்ம வீட்டுச் சேதிதான் ஊருக்கே தெரியுமே ஐயா. எனக்குத் தேவன் அனுப்பின சிலுவை ஓட்டிலிதான். ஒம்பது வருஷமா தள்ளாம சுமந்துட்டு வர்றேன்."

வாசலில் ஆண்கள் சிரித்தார்கள். கசாப்புக்கடைக்காரர் மனைவி குனிகுண்டே கழுத்தை நீட்டினாள்.

"யாரு யாரச் சுமக்குறாங்கன்னு அவ முதுகக் கேளுங்க ஐயா, அது சொல்லும்!"

"அம்மா, உங்க முறை முடிஞ்சுபோச்சு. வீட்டுக்குப் போகலாம்."

"போறேன், போறேன். இந்தக் குளிர்ல நிக்கணும்னு எனக்கென்ன வேண்டுதலா?" என்றாள். போகவில்லை.

அம்புரோஸ் லோரென்ஸ் பக்கம் திரும்பினார். "யார்மேலாவது பகை?"

"இல்ல ஐயா. அவமேலகூட இல்ல. இந்த நிமிஷம் வந்தாலும் கதவத் திறந்து வைப்பேன்."

"எழுது" என்றார் அம்புரோஸ்.

வால்புர்கா எழுதினாள். அந்தப் பெயரைப்போல அழகான பெயர் அந்தத் தாளில் வேறில்லை. எழுதி முடித்த பிறகுதான், எழுதாமல் இருந்திருக்கலாமே என்று தோன்றியது. அப்போது அவளுக்குத் தன்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது. அவன் ஒப்பித்ததில் ஒரு வாக்கியம் அவளுடைய சொந்த முதுகிலிருந்து எடுத்தது. அதை அவன் வாயில் போட்டு மென்று துப்பிவிட்டான். அவளே அதை ஏட்டிலும் ஏற்றிவிட்டாள்.

அடுத்து அடுப்படியிலிருந்து ஓட்டிலி வந்தாள். லோரென்ஸ் போகவில்லை. கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றான்.

முதல் கேள்விக்குப் பதில் சொன்னாள். இரண்டாவதற்கு இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு நின்றாள்.

"மீதி?"

"தெரியும் ஐயா. வாய்ல வரமாட்டேங்குது."

"சொல்லும்மா."

"வந்ததை நான் தள்ளமாட்டேன்" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"யார்மேலாவது பகை வைத்திருக்கிறாயா?"

"இருக்கு ஐயா."

"யார்மேல?"

"அதோ சாஞ்சுக்கிட்டு நிக்கிறாரே."

வாசலில் எல்லாரும் லோரென்ஸைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்புரோஸ் மூக்கைத் தடவிக்கொண்டார். கஷ்டமான இடம் வந்தால் அப்படித்தான் செய்வார்.

"மன்னிச்சிடும்மா. நீ மன்னிக்கலன்னா உன்ன தேவன் எப்படி மன்னிப்பாரு?"

"மன்னிக்கிறேன் ஐயா. முதல்ல அவரு கைய எடுக்கட்டும். கை மேல விழுந்துட்டு இருக்கறப்போ எப்படி மன்னிக்கிறதுன்னு எனக்குத் தெரியல."

"வீட்டுக்குப் போ. பொறுமையா இரு. உன் பொறுமையப் பாத்து அவன் மனசு மாறும்."

"ஒம்பது வருஷம் பொறுத்தேன். மனசு மாறல. கயிறுதான் மாறிச்சு. முன்னாடி துணி காயப் போடுற கயிறு. இப்போ சுரங்கத்துக் கயிறு."

"ஏய்" என்றான் லோரென்ஸ், மெதுவாக.

ஓட்டிலி திரும்பவில்லை. "இன்னொரு தடவ அந்த வீட்டுக்குப் போனா, மன்னிக்கறதுக்கு நான் இருக்கமாட்டேன் ஐயா" என்றாள்.

அம்புரோஸ் வால்புர்கா பக்கம் தலையைத் திருப்பாமலே, "இவ பேர் வேண்டாம்" என்றார்.

ஓட்டிலி வந்த வழியே அடுப்படிக்குப் போனாள். உள்ளே முக்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அழுகைச் சத்தம் கேட்கவில்லை.

போதகர் வீட்டாருக்கும் விலக்கு இல்லை. கடைசியில் வால்புர்காவும் எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, எல்லாரும் நின்ற இடத்தில் நின்று பதில் சொல்வாள். வாராவாரம் நடக்கிற சடங்கு. வாசலில் நிற்கிறவர்கள் அதற்குள் கிளம்பத் தயாராகிவிடுவார்கள். அன்றைக்கும் அப்படித்தான் தொப்பிகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

முதல் கேள்விக்குப் பதில் சொன்னாள். இரண்டாவதற்கு, "நானாகத் தேடிக்கொள்வது சிலுவை அல்ல. தேவன் அனுப்புவதே சிலுவை" என்று சொல்லி வாயை மூடிக்கொண்டாள்.

"கடைசிய விட்டுட்டே."

"விடல. அது நீங்க சேத்தது. நீங்களே வெச்சுக்கோங்க."

தொப்பி தேடியவர்கள் நின்றார்கள்.

அம்புரோஸ் அவசரமாக அடுத்த கேள்விக்குப் போனார். "யார்மேலாவது பகை வைத்திருக்கிறாயா?" கேட்கும்போதே, தலையாட்டிவிட்டுப் போ என்று அவர் கண் கெஞ்சியது.

"இருக்கு. கயிற்றுக்காரர் லோரென்ஸ்மேல."

"வால்புர்கா."

"உங்கமேலயும் கொஞ்சம் இருக்கு. எவ்வளவுன்னு இன்னும் தெரியல."

குனிகுண்டே வாயில் கையை வைத்துக்கொண்டாள். அம்புரோஸ் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். அந்த வீட்டுக் கதவு சனிக்கிழமையில் சாத்தப்பட்டது அதுதான் முதல் தடவை.

"என்ன காரியம் பண்றே? நாளைக்கு நீ திருவிருந்து மேசைக்கு வரலன்னா ஊர் சிரிக்காதா? என் பிரசங்கத்த எவன் கேப்பான்?"

"விதி நீங்க போட்டது. பகை இருக்கிறவ பேர எழுதக் கூடாது. ஓட்டிலி பேர எழுதல. என் பேரயும் எழுதாதீங்க."

"அவ விஷயம் வேற."

"எப்படி வேற? அவள அடிச்சவன்மேல அவளுக்குப் பகை. அதே ஆள்மேல எனக்கும் பகை. அவளுக்காவது கை ஒடிஞ்சிருக்கு. எனக்கு ஒண்ணுமே ஒடியல. நியாயமாப் பாத்தா நான்தான் பெரிய பாவி."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீ மடத்துல பண்ணினது நீயா தேடிக்கிட்டது. இது அப்படி இல்ல. இது அவ தேடிப்போனதா? தானா வந்தது. தானா வர்றத தேவன் அனுப்பினதுன்னு எடுத்துக்கிட்டுத்தான் ஆகணும்."

"தானா வரல. லோரென்ஸ் கையிலேர்ந்து வந்துச்சு. அவன் யாரு, தேவன் அனுப்பின தூதனா?"

"பேச்ச வளக்காதே."

"சிலுவையப் பத்தி எனக்குச் சொல்லிக்குடுத்தது நீங்கதான். தேவன சிங்காசனத்துல தேடாதே, ஆணி அடிச்ச இடத்துல தேடுன்னு சொன்னீங்க. அடி வாங்கினவருக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கார், பெரிய மனுஷங்களுக்கு அது தெரியாதுன்னு சொன்னீங்க. அத நம்பித்தான் நான் இங்க வந்து உக்காந்திருக்கேன். இப்போ சொல்லுங்க. நம்ம அடுப்படியில இருக்கிறது யாரு? வாசல்ல சாஞ்சுக்கிட்டு நிக்கிறது யாரு?"

"தேவன் சுமக்கிறவங்க பக்கம்தான். அதனாலதான் சுமன்னு சொல்றேன்."

"சுமக்கிறவங்க பக்கத்துல நிக்கிறாரு, சரி. சுத்தியல எடுத்துக் குடுத்தாரா? நீங்க எடுத்துக் குடுக்குறீங்க. நான் பேனாவ வெச்சுக்கிட்டு, சுத்தியல் பத்திரமா வந்து சேந்துச்சுன்னு எழுதுறேன்."

அம்புரோஸ் கண்களை மூடிக்கொண்டார்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி கீழ சமவெளியில எனக்கு ஒரு சபை இருந்துச்சு. சுதந்திரம்னு பிரசங்கம் பண்ணினேன். எல்லாரும் அரிவாளத் தூக்கிட்டுப் போனாங்க. போங்கன்னு நான் சொல்லல. போகாதீங்கன்னும் சொல்லல. நாப்பத்திரண்டு பேர நானே அடக்கம் பண்ணினேன். சில பேருக்கு முகம் இல்ல. அன்னிலேர்ந்து யாரையும் நான் எழுந்திருன்னு சொன்னதில்ல."

இது அவளுக்குத் தெரியும். தூக்கத்தில் அவர் பெயர் பெயராகச் சொல்வதைக் கேட்டிருக்கிறாள். மற்ற நாளாயிருந்தால் இங்கே அவள் பேச்சை நிறுத்தியிருப்பாள்.

"அவங்க செத்தது உங்க பேச்சாலதான்னு பயப்படுறீங்க" என்றாள். "திங்கட்கிழமை இவ அந்த வீட்டுக்குப் போயி செத்தா, அது யார் பேச்சால?"

அவர் மூக்கைத் தடவிக்கொண்டார். மேசைமேல் இருந்த பட்டியலை எடுத்து, படிக்க முடியாது என்று தெரிந்தும் முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "அவ பேர் இல்லாம கடிதம் எழுத முடியாது" என்றார். "விதின்னா விதி. உனக்கும் சேத்துத்தான்."

அப்போது ஜன்னலுக்கு வெளியே லோரென்ஸின் குரல் கேட்டது. கத்தவில்லை. ஒரு நல்ல அண்டை வீட்டுக்காரன் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிடுவதுபோல இருந்தது.

"ஐயா! மனசு விட்டுடாதீங்க. உங்களுக்கும் ஒண்ணு அனுப்பியிருக்காரு போல தேவன்! தள்ளாம சுமங்க!"

ஆண்கள் சிரித்தார்கள். அதில் பகை எதுவும் இல்லை. பியர்க் குவளையை நகர்த்தி வைத்து, உட்காருங்கள் என்று இடம் விடுகிற சிரிப்பு.

"கயிறு வேணும்னா சொல்லி அனுப்புங்க. ஒரு முழம் சும்மாவே தர்றேன்!"

இதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

அம்புரோஸின் முகம் சிவந்தது. பிறகு வெளுத்தது. அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. கதவைத் திறந்தார்.

"லோரென்ஸ். உன் பேர அடிச்சாச்சு."

"எதுக்கு ஐயா? நான் விளையாட்டுக்குச் சொன்னேன்."

"தெரியுது."

"கேட்ட கேள்விக்கெல்லாம் சரியாத்தானே சொன்னேன்? ஒரு சொல்லு பிசகுச்சா?"

"பிசகல. அந்தப் பதில எழுதினது நான். அதுல என்ன ஓட்டை இருக்குன்னு நீ இப்போ காட்டிட்டே. கைய நிறுத்திட்டு வா. அப்புறம் கேள்வி கேக்குறேன்."

லோரென்ஸ் தொப்பியைப் போட்டுக்கொண்டான். "பாத்துக்கோங்க ஐயா. என் கயிறு இல்லாம இந்த ஊர்ல ஒருத்தன் குழிக்குள்ள இறங்க முடியாது. நினைச்சுப் பாத்துப் பேசுங்க" என்றான். சுற்றி நின்ற ஆண்கள் இப்போது சிரிக்கவில்லை. ஒருவன் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்குத் திங்கட்கிழமை சுரங்கத்தில் வேலை.

"அவனவன் பெண்டாட்டிக்குத்தான் பதில் சொல்லணும், கயித்துக்கு இல்ல" என்றாள் குனிகுண்டே. யாரைச் சொன்னாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

அம்புரோஸ் உள்ளே வந்து நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தார். கதவைச் சாத்தவில்லை.

"புதுத் தாள் எடு. விவாக மன்றத்துக்கு."

அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். கை, முதுகு, ஒன்பது வருடம் எல்லாம் வந்தது. கயிற்றின் தடிமனை அவர் சொல்லாமல் விட்டார். அவள் சேர்த்து எழுதி, எழுதியதை வாசித்துக் காட்டினாள். அவர் தலையாட்டினார். அவள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில், தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். மெழுகு ஊற்றி முத்திரை வைத்தார்.

பிறகு பட்டியலை அவள் பக்கம் தள்ளினார். "உன் பேர எழுதிக்கோ."

"எதுக்கு?"

"இன்னும் என்ன வால்புர்கா? நீ கேட்டது நடந்துடுச்சே."

"ரெண்டு நாளா கை ஒடிஞ்சு, முதுகு கிழிஞ்சு ஒருத்தி நம்ம அடுப்படியில கிடக்குறா. கொஞ்சம் முன்னாடி உங்க எதிர்ல நின்னு, செத்துப்போவேன்னு வாய் விட்டுச் சொன்னா. அப்போல்லாம் உங்களுக்குக் கேக்கல. உங்களப் பாத்து ஒருத்தன் சிரிச்சான். உடனே கேட்டுடுச்சு."

அவர் பட்டியலைத் தன் பக்கமே இழுத்துக்கொண்டார்.

அவள் கடிதத்தை எடுத்துக்கொண்டு உருக்காலைக்குப் போனாள். கரி ஏற்றி வந்த வண்டி வெளிச்சம் இருக்கும்போதே கோட்டை ஊருக்குத் திரும்பும். வண்டிக்காரன் கடிதத்தைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டான். வண்டி வளைவைத் தாண்டுகிறவரை நின்று பார்த்துவிட்டு வந்தாள். வீட்டில் ஓட்டிலி ஒரு கையால் டர்னிப் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு. திங்கட்கிழமை காவல்காரன் வந்தா இந்த வாசலோட திரும்பணும்."

"ஐயா நல்லவரு" என்றாள் ஓட்டிலி.

வால்புர்கா கத்தியை வாங்கி மீதி டர்னிப்பை நறுக்கினாள். ஒவ்வொரு துண்டும் ஒரே அளவில் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆண்கள் மேசைக்குப் போய் வந்த பிறகு பெண்கள் வரிசை எழுந்தது. வால்புர்காவும் ஓட்டிலியும் பெஞ்சிலேயே இருந்தார்கள். எல்லாரும் அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. சிலர் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு போனார்கள். ஒருத்தி, "வெக்கம் கெட்டதுங்க" என்று முணுமுணுத்தாள். குனிகுண்டே போய் வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது குனிந்து, "ரசம் ஒரே புளிப்பு. உங்களுக்கு ஒண்ணும் நஷ்டமில்ல" என்றாள். ஓட்டிலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மேசைக்குப் பின்னால் அம்புரோஸ் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசிப் பெண்ணும் திரும்பிய பிறகும் அவர் அதைக் கீழே வைக்கவில்லை. தூரத்தில் இருப்பது அவருக்கு நன்றாகத் தெரியும். நேராக வால்புர்காவையே பார்த்தார்.

அவளுக்கு அந்த அப்பம் வேண்டும்போலிருந்தது. அவளும் அவரையே பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.